மணற்றிடலில் வீரவாள் வல்லிபுரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் யாழ்ப்பாணம் கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் நாங்கள் சிலர் கூடி மேசையாட்டம் ஒன்று விளையாடுகிறோம். கதை நடப்பது மணற்றிடல் என்னும் கற்பனை நகரத்தில். அங்கே பிழைப்பு நடத்தும் சாகசக்காரர்களில் மிகுதியாகப் பேசப்படுபவன் வீரவாள் வல்லிபுரம். புதிதாகச் சேர விரும்புகிறவர்களும், விறாந்தையில் எதற்கு இத்தனை சத்தம் என்று வேலிக்கு மேலால் எட்டிப்பார்க்கும் அயலவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்குக் கதைசொல்லியாகிய நான் இங்கே பதில் எழுதிவைக்கிறேன்.

இது என்ன விளையாட்டு? கணினி வேண்டுமா?

வேண்டாம். மேசை, கதிரைகள், பென்சில், தாள், பகடை போதும். 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தின் வழிவந்தது இது. ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். “நீங்கள் சந்தை வாசலில் நிற்கிறீர்கள், காவற்காரன் கையை நீட்டித் தடுக்கிறான்” என்று நான் சொல்வேன். என்ன செய்வது என்பது உங்கள் பாடு. கெஞ்சலாம், ஓடலாம், மயங்கி விழுந்ததாக நடிக்கலாம். பலிக்குமா என்பது சந்தேகமாக இருந்தால் 20 முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறமைக்குரிய எண்ணைக் கூட்டி, நான் மனதில் வைத்திருக்கும் இலக்கை எட்டுகிறதா என்று பார்ப்போம்.

திறமைகள் ஆறு: வலு, சுறுசுறுப்பு, தாங்குதிறன், அறிவு, விவேகம், வசீகரம். அடிப்படை விதிகளின் ஒரு தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், தமிழாக்கலாம், மாற்றலாம். எங்கள் கொப்பியில் இருக்கும் விதிகள் அப்படி மாற்றி மாற்றி எழுதப்பட்டவைதான்.

வல்லிபுரம் யார்? அவனுக்கு உண்மையிலேயே வீரவாள் இருக்கிறதா?

இருந்தது. இப்போது ஒற்றியில் இருக்கிறது.

வல்லிபுரம் ஒரு பரிகாரியின் மகன். கசாயம் காய்ச்சப் பொறுமையில்லாமல் வீட்டைவிட்டு வந்து, பாட்டனாரின் வாளைத் தூக்கிக்கொண்டு நகரத்துக்குள் நுழைந்தான். மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டி வரிசையாக எழுதியதில் அவனுக்கு விழுந்தவை: வலு 8, சுறுசுறுப்பு 9, தாங்குதிறன் 16, அறிவு 11, விவேகம் 6, வசீகரம் 15. விதிப்படி 10, 11 சராசரி. அதற்குமேல் போனால் கூட்டல், கீழே போனால் கழித்தல். ஆக அவன் அடித்தால் யாருக்கும் நோகாது. எவ்வளவு அடித்தாலும் சாகமாட்டான். பேசினால் நம்புவார்கள். என்ன பேசக்கூடாது என்பது மட்டும் அவனுக்குத் தெரியாது. இந்த எண்களைப் பார்த்தவுடன் வேறு யாராக இருந்தாலும் மறுபடி உருட்டக் கேட்டிருப்பார்கள். அவனை ஆடும் நண்பர் கேட்கவில்லை. எங்கள் ஆட்டத்துக்கு அதைவிடப் பெரிய கொடை கிடைத்ததில்லை.

வாடகைக்கு முன்பணம் கட்ட வாளை வட்டிக்காரரிடம் வைத்தான். ஒற்றி என்றால் வட்டி கிடையாது. கடன் தீரும்வரை பொருளின் பயனைக் கடன் கொடுத்தவர் அனுபவிப்பார். வயலை ஒற்றிக்கு எடுத்தவர் விளைச்சலை எடுப்பார். வாளை ஒற்றிக்கு எடுத்தவர் என்ன செய்வார்? மற்றச் சாகசக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார். வேலை இல்லாத நாள்களில் அவருடைய மனைவி அதனால் பலாப்பழம் பிளக்கிறார். வல்லிபுரமோ வெறும் உறையை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிகிறான். சண்டை மூண்டால் உறையில் கையை வைத்து, “இதை உருவவைக்காதீர்” என்று எச்சரிப்பான். பெரும்பாலும் அதுவே போதுமாக இருக்கிறது.

சாகசம் என்றால் குகைக்குள் போய்ப் பூதத்தை வெட்டுவதுதானே? ஏன் நகரம்?

குகையில் நீங்கள் உடைக்கும் கதவுக்குச் சொந்தக்காரர் இல்லை. வெட்டிய பூதத்துக்கு மச்சான் முறைக்காரர் யாரும் கச்சேரிக்குப் போய் முறைப்பாடு கொடுப்பதில்லை. புதையலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் கணக்கு முடிந்தது. நகரத்தில் எந்தக் கணக்கும் முடிவதில்லை. காவற்காரரிடமிருந்து தப்ப எண்ணெய்க் கடைக் கதவை உடைத்தீர்களானால், மறுவாரம் நீங்கள் வேலை கேட்டுப்போகும் வீட்டில் அந்த எண்ணெய்க் கடைக்காரர்தான் சாய்மனைக் கதிரையில் இருப்பார். அவரிடம் நீங்கள் சொன்ன பொய், நீங்கள் வந்துசேர முன்பே அடுத்த ஒழுங்கைக்குப் போயிருக்கும். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

நகைச்சுவை பிறப்பதும் இங்கேதான். வீரன் ஒருவன் வாடகை கொடுக்க வேண்டும், குளிக்க வேண்டும், கைமாற்று வாங்கியவரைக் கண்டால் ஒழுங்கை மாற வேண்டும் என்றவுடனே அவன் மனிதனாகிவிடுகிறான். விதிகளிலும் இதற்கு இடம் இருக்கிறது. சாகசக்காரனின் அன்றாடச் செலவுக்கு ஒரு பட்டியலே உண்டு: நாளொன்றுக்கு 2 வெள்ளி என்றால் ஏழை வாழ்க்கை, 1 பொன் என்றால் அடக்கமான வாழ்க்கை, 2 பொன் என்றால் வசதி, 4 பொன் என்றால் செல்வம், 10 பொன்னும் அதற்குமேலும் பிரபு வாழ்க்கை. செலவே இல்லாத அடிமட்டமும் உண்டு. வீதியில் படுப்பது. குகையாட்டம் ஆடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் இதிலிருந்துதான் ஒவ்வொரு ஞாயிறும் தொடங்குகிறோம். 10 செப்பு 1 வெள்ளி, 10 வெள்ளி 1 பொன். வல்லிபுரம் பகலில் செல்வந்தனாகவும் இரவில் வீதியிலும் வாழ்ந்து சராசரியில் ஏழையாக இருக்கிறான்.

மணற்றிடல் என்பது யாழ்ப்பாணம்தானா?

எலும்பு இங்குள்ளது, சதை கற்பனை. கண்பார்வையற்ற பாணன் ஒருவன் யாழ் வாசித்து, அரசனிடம் மணல் நிலத்தைப் பரிசாகப் பெற்றான் என்ற கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த மணல் நிலத்தின் பெயரையே நகரத்துக்கு வைத்தோம். பாட்டுக்குக் கிடைத்த நகரம் என்பதால், நன்றாகப் பாடுகிறவர்களுக்கு வாயில் வரி இல்லை என்று ஒரு சட்டம் போட்டோம். வல்லிபுரம் ஒவ்வொரு முறையும் பாடிப் பார்ப்பான். கிழக்கு வாயிற் காவற்காரன் இப்போதெல்லாம் வரியைத் தன் பையிலிருந்து கட்டி அவனை உள்ளே விடுகிறான், பாடக்கூடாது என்ற நிபந்தனையோடு.

நான்கு திசையிலும் நான்கு வாயில்கள், நடுவே அரண்மனை என்பது பழைய நல்லூரிலிருந்து வந்தது. 1619 இல் போர்த்துக்கேயர் கைப்பற்றும்வரை யாழ்ப்பாண அரசின் தலைநகர் அதுதான். நல்லூரில் ‘ப’ எழுத்தின் வடிவில் வெட்டப்பட்ட யமுனா ஏரி இன்றும் இருக்கிறது. எங்கள் நகரத்திலும் அப்படியொரு கேணி உண்டு. ஒரு கரையில் நிற்பவனுக்கு எதிர்க்கரை கூப்பிடு தூரம். நடந்து போனால் முழுச் சுற்று. துரத்துகிறவர்களும் ஓடுகிறவர்களும் இதனால் படும் பாடு சொல்லி முடியாது. நாணயத்தில் நந்தியும் ‘சேது’ என்ற சொல்லும் பொறித்திருப்பது யாழ்ப்பாண அரசர்களின் காசுகளைப் பார்த்து எடுத்தது.

அண்மைக்காலச் சண்டைகளை நகரத்துக்குள் கொண்டுவருவதில்லை. சோதனைச்சாவடியைப் பகிடியாக்க எங்கள் மேசையில் இருக்கும் மூத்தவர்களுக்கு மனம் வரவில்லை. எனக்கும் வரவில்லை.

நகரத்தில் எதற்கும் தீ வைக்கலாமா?

எண்ணெய்க் கடைக்கு வைக்கலாம். நூலகத்துக்கு முடியாது. பகடையை உருட்டக்கூட விடமாட்டேன். வெளியூர் வாசகர்களுக்காக மட்டும்: எங்கள் பொது நூலகம் 1981 இல் எரிக்கப்பட்டது.

நகரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது?

இதை எழுதத்தான் எனக்கு ஆசை. குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து உள்ளே குடைவுகளையும் குகைகளையும் உண்டாக்கிவிடும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே கிடையாது. மழைக்காலத்தில் வழுக்கியாறு ஓடும், அவ்வளவுதான். நாம் குடிப்பதில் பெரும்பகுதி கல்லுக்குள் தேங்கிய மழைநீர். அந்த நன்னீர், அடியில் இருக்கும் கனத்த உவர்நீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பது இதனால்தான். அந்தக் கிணற்றுக்கு அடியே இல்லை என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள்.

ஆகவே எங்கள் பாதாளத்தை யாரும் கட்டவில்லை. மழை குடைந்தது. ஆழத்தை அறிய விளக்கோ வரைபடமோ வேண்டாம், சுவரில் வழியும் நீரை நாக்கில் தொட்டால் போதும். இனித்தால் எலிகளும் சில்லறைத் திருடர்களும் இருக்கும் மேற்தளம். சற்றுக் கரித்தால் பூதங்கள். வாயில் வைக்கமுடியாத உப்பென்றால் திரும்பிவிடுங்கள். அங்கே கடலுக்குப் போக வழி தவறியவை வாழ்கின்றன.

இறங்குவது ஒரு கிணற்றின் வழியாக. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ உலகில் வாட்டர்டீப் என்றொரு கற்பனை நகரம் உண்டு. அங்குள்ள ஒரு சத்திரத்தின் நடுவே பெரிய கிணறு, அதன் அடியில் பாதாளம். இறங்க ஒரு பொன், ஏற ஒரு பொன். அந்தக் கட்டணத்தை அப்படியே எடுத்துக்கொண்டோம். கயிற்றுக்குப் பதிலாக எங்களிடம் இருப்பது துலா. துலா மிதிப்பவர் மேலே நடக்க நடக்க, கொடியில் தொங்கும் சாகசக்காரர் கீழே போவார்.

வல்லிபுரம் முதன்முறை இறங்கியபோது அவனிடம் இருந்தது ஒரேயொரு பொன். அதைக் கொடுத்துவிட்டுக் கீழே போய்விட்டான். ஏறுவதற்கான பொன்னைப் பாதாளத்தில் சம்பாதிக்கலாம் என்பது அவனுடைய கணக்கு. சம்பாதித்தான். 1000 காசுகள் நிறைந்த பெட்டி ஒன்று கிடைத்தது. அத்தனையும் செப்பு. விதிப்படி 50 காசு ஒரு இறாத்தல், ஆக 20 இறாத்தல். துலாக்காரர் பொன்னைத் தவிர வேறொன்றும் வாங்கமாட்டேன் என்றார். நூறு செப்பு ஒரு பொன்தானே என்று கீழிருந்து கத்தினான். “எண்ணிக் காட்டும் தம்பி” என்றார் அவர். இருட்டில் எண்ணத் தொடங்கினான். அறுபதில் எலி வந்தது. எலியைத் துரத்தியபின் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினான். கடைசியில் நூறை எண்ணிக் கூடையில் வைத்து அனுப்பினால், பெட்டிக்குத் தனிக் கூலி என்றார் துலாக்காரர், அதுவும் எடைக்கு இவ்வளவு என்று. அன்றைய ஆட்டம் முழுக்கக் கிணற்றடியிலேயே போயிற்று. ஒரு வாள்வீச்சுக்கூட இல்லை. விறாந்தையில் சிரித்த சத்தத்துக்கு எதிர்வீட்டு ஆச்சி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

எல்லாச் சாகசங்களும் ஏன் தவறணையில் தொடங்குகின்றன?

வேலை கொடுக்கிறவர்களும் வேலை தேடுகிறவர்களும் கடன் கேட்கிறவர்களும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கும் இடம் வேறு எது? மேற்கத்திய ஆட்டங்களில் மதுச்சாலை. எங்களிடம் கிடுகு வேய்ந்த கள்ளுத் தவறணை, பனையோலைப் பிளா, பொரித்த மீன். காலையில் இறக்கிய கள் இனிக்கும், நேரம் போகப் போகப் புளிக்கும். மணற்றிடலில் செய்திகளும் அப்படியே. காலையில் கேட்டால் உண்மை இருக்கும், மாலையில் கேட்டால் வேகம் இருக்கும். இளையவர்கள் ஆடும் நாள்களில் அதே தவறணையில் கருப்பணி மட்டும் விற்கப்படும். விறாந்தையில் எங்களுக்குக் கிடைப்பது எப்போதும் தேநீரும் பருத்தித்துறை வடையும்தான்.

திருமணமான சாகசக்காரன் எடுக்கும் புதையல் யாருடையது?

இந்தக் கேள்வியை வேறு எந்த ஊர்க் குழுவும் கேட்டிருக்காது என்று நினைக்கிறேன். எங்கள் மேசையில் சட்டம் படித்த ஒருவர் இருக்கிறார். அவர் இருக்கும்வரை மணற்றிடலில் தேசவழமை செல்லும்.

தேசவழமை என்பது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம். 1707 இல், ஒல்லாந்தர் ஆட்சியில், கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி அதைத் தொகுத்தார். சொத்தை அது மூன்றாகப் பிரிக்கிறது: முன்னோர்வழி வந்தது முதுசம், பெண் கொண்டுவந்தது சீதனம், மணவாழ்க்கையில் ஈட்டியது தேடியதேட்டம். தேடியதேட்டத்தில் கணவன், மனைவி இருவருக்கும் பங்கு.

வல்லிபுரத்தின் மனைவி கன்னக்கோல் கனகம்மா. எந்தப் பூட்டையும் திறப்பவள், நகரத்தின் தலைசிறந்த திருடி, கணக்கில் புலி. தாலி கட்டிய நாளன்று விடியற்காலையில் வல்லிபுரம் பாதாளத்தில் மாணிக்க மோதிரம் ஒன்றைக் கண்டான். முகூர்த்தத்துக்கு முன்பா, பின்பா? பாதாளத்தில் பொழுது தெரியாது. “இது என் தனிச் சொத்து” என்றான். “நேரத்தை நிரூபியும்” என்றாள். வழக்கு ஊரதிகாரியான உடையாரிடம் போயிற்று. மோதிரத்தைக் காத்துக்கொண்டிருந்த பூதமே சாட்சிக்கு அழைக்கப்பட்டது. பூதமோ, மோதிரம் தன்னுடைய முதுசம் என்று மூன்றாவது கோரிக்கை ஒன்றைப் போட்டது. வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. மோதிரம் உடையாரின் விரலில் இருக்கிறது.

நிலம் விற்பதிலும் சிக்கல். பழைய தேசவழமைப்படி உரித்தாளர், பங்காளி, அந்தக் காணியை ஒற்றிக்கு வைத்திருக்கும் அயலவர் ஆகியோரிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் பிறருக்கு விற்கலாம். வல்லிபுரத்தின் வளவில் பாதாளத்துக்கு ஒரு துவாரம் விழுந்தது. நல்ல விலைக்கு ஒரு மந்திரவாதி கேட்டார். பத்திரம் எழுதப்போகும் நேரத்தில், பக்கத்து வளவு வேம்பில் முந்நூறு ஆண்டுகளாகக் குடியிருக்கும் பேய் ஒற்றி உறுதியோடு வந்து நின்றது. உறுதியில் வல்லிபுரத்தின் பூட்டனின் கையெழுத்து. பேயை விரட்ட மந்திரம் உண்டு. உறுதியை விரட்ட மந்திரம் இல்லை.

நான் நன்றாகப் பகிடி விடுவேன். நகைச்சுவைப் பாத்திரம் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் பகிடியை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள். வேடிக்கையான பாத்திரத்துக்குத் தான் வேடிக்கை என்பது தெரியக்கூடாது. வல்லிபுரம் ஒருநாளும் சிரித்ததில்லை. வாளை மீட்க வேண்டும், மனைவியிடம் மதிப்புப் பெற வேண்டும், நகரம் தன் பேரைச் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் அவனுக்கு உயிர்ப் பிரச்சினைகள். அவனை ஆடுபவரும் அப்படியே நம்பி ஆடுகிறார். ஒவ்வொரு முறையும் கண்ணடித்துக்கொண்டு பேசுகிற பாத்திரம் இரண்டாவது மணித்தியாலத்திலேயே சலித்துப்போகும். மற்றவர்கள் கட்டுகிற கதையையும் அது கலைத்துவிடும்.

கதைசொல்லிகளுக்கும் ஒரு வார்த்தை. பகடை தவறினால் “நடக்கவில்லை” என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். ஒருமுறை வல்லிபுரம் சந்தைக் காவற்காரரிடம், தான் வரி அதிகாரி என்று புளுகினான். பகடையில் 3, வசீகரத்துக்கு 2 கூட்டி 5. படுதோல்வி. காவற்காரர் நம்பவில்லை என்று நான் சொல்லியிருந்தால் கதை அங்கேயே படுத்திருக்கும். அவர் அளவுக்கு மிஞ்சி நம்பிவிட்டார். “ஐயா, உங்களைத்தான் மூன்று மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்று கையைப் பிடித்து இழுத்துப்போய், மீன் சந்தையில் கூறுகளுக்கு வரி போட உட்காரவைத்துவிட்டார். மீன் விற்கும் அம்மாக்கள் சூழ்ந்துகொண்டார்கள். அன்று சூரியன் சாயும்வரை அவன் வரி வசூலித்தான், நேர்மையாக. அவன் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான். மறுநாள் உண்மையான அதிகாரி வந்தார்.

20 முகப் பகடை என்னிடம் இல்லை. சோகி போடலாமா?

கூடாது. காரணம் கணக்கு. சோகியை வீசி மல்லாந்து விழுந்தவற்றை எண்ணினால் நடுத்தர எண்களே அடிக்கடி வரும், ஓரத்து எண்கள் அரிது. ஆறு சோகியில் மூன்று மல்லாந்து விழுவது சாதாரணம். ஆறும் மல்லாந்து விழுந்தால் ஆச்சரியம். 20 முகப் பகடையிலோ 1 வருவதற்கும் 20 வருவதற்கும் 11 வருவதற்கும் ஒரே வாய்ப்பு, நூற்றுக்கு 5. வல்லிபுரம் போன்றவர்கள் உயிர்வாழ்வது அந்த ஓரத்து எண்களால்தான். ஒரே அளவான தாள் துண்டுகளில் 1 முதல் 20 வரை எழுதி, பிஸ்கட் டின் ஒன்றில் போட்டுக் குலுக்கி எடுங்கள். எடுத்ததை மறுபடி உள்ளே போட மறவாதீர்கள்.

சூழ்நிலை உங்களுக்குச் சாதகமாக இருந்தால் இரண்டு முறை எடுத்துப் பெரியதை வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. 11 அல்லது அதற்குமேல் வரும் வாய்ப்பு இதனால் நூற்றுக்கு 50 இலிருந்து 75 ஆகிறது. கனகம்மா கணவனை எங்கும் கூட்டிப்போவது இந்தச் சாதகத்துக்காகத்தான். எல்லோரும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் பூட்டைத் திறந்துவிடுவாள்.

பெண்கள் விளையாடுகிறார்களா?

மேலே கனகம்மாவைப் பார்க்கவும். அவளை ஆடுபவர் ஒரு ஆசிரியை. மேசையில் எல்லோருக்கும் அவரிடம் பயம்.

வாகனம் ஏதாவது உண்டா?

நெடுந்தீவில் ஐரோப்பியர் விட்டுச்சென்ற குதிரைகள் காட்டுக் குதிரைகளாகத் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குட்டை இனத்தை நகரத்துக்குக் கொண்டுவந்தோம். யாருக்கும் அடங்காது. பறக்க வேண்டுமென்றால் பட்டம். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் ஏறும் பட்டங்களைக் கண்டவர்களுக்கு, ஒரு ஆளைத் தூக்கும் பட்டம் நம்பமுடியாத விடயமல்ல. வல்லிபுரம் பட்டத்தில் ஏறிய கதையைக் கனகம்மா சொல்லித்தான் கேட்க வேண்டும். அவன் சொல்வது வேறு கதை.

எத்தனை மணித்தியாலம் ஆகும்? எப்போது ஆட்டம் இல்லை?

மூன்று, நான்கு மணித்தியாலம். மின்சாரம் போனாலும் ஆடுவோம், பாதாளக் காட்சிகளுக்கு அதுவே நல்லது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களிலும் ஆட்டம் இல்லை.

வல்லிபுரம் செத்தால் என்ன ஆகும்?

செத்துவிட்டான். சென்ற ஆட்டங்களைத் தவறவிட்டவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன்.

உயிர்ப்புள்ளி, அதாவது பாத்திரத்தில் மிஞ்சியிருக்கும் உயிரின் அளவு, பூச்சியத்துக்கு இறங்கியவர் தம் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்குமேல் மூன்று முறை விழுந்தால் பிழைப்பார், அதற்குக் கீழே மூன்று முறை விழுந்தால் இறப்பார். தன்னுடைய வாளை வாடகைக்கு எடுத்துவந்த ஒருவனோடு வல்லிபுரம் தவறணை வாசலில் மல்லுக்கு நின்றான். சொந்த வாளாலேயே வெட்டுப்பட்டு விழுந்தான். 7, 14, 4, 9. முடிந்தது.

செய்தி பரவியதும் முதலில் ஓடிவந்தவர்கள் கடன்காரர்கள். செத்தவனிடம் வசூலிக்க முடியாது. இறந்தவரை எழுப்பும் மந்திரம் ஒன்று உண்டு: இறந்து பத்து நாளுக்குள் செய்ய வேண்டும், 500 பொன் பெறுமதியான வைரம் வேண்டும். வட்டிக்காரர், வீட்டுக்காரர், எண்ணெய்க் கடைக்காரர், துலாக்காரர் எல்லோரும் ஒரே திண்ணையில் கூடி, அவரவர் கடனுக்கு ஏற்பப் பங்கு போட்டு வைரம் வாங்கினார்கள். நகரத்தில் அவ்வளவு ஒற்றுமையை யாரும் கண்டதில்லை. அதற்குள் எட்டுச்செலவும் வந்துவிட்டது. கனகம்மா அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தாள்.

சிக்கல் மந்திரத்தின் கடைசி வரியில் இருந்தது: ஆன்மா திரும்பிவர விரும்ப வேண்டும். வல்லிபுரத்தின் ஆன்மா கூரையில் இருந்துகொண்டு, திண்ணையில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தது. விருப்பமில்லை என்றது.

பேரம் தொடங்கியது. வீட்டுக்காரர் வாடகைப் பாக்கியில் பாதியை விட்டுக்கொடுத்தார். துலாக்காரர் இனி ஏறுவதற்கு மட்டும் காசு என்றார். எண்ணெய்க் கடைக்காரர் கதவை மறந்துவிடச் சம்மதித்தார். ஆன்மாவுக்கு இன்னும் ஒன்று வேண்டும்: வாள். வட்டிக்காரர் அதைத் தரலாம் என்றார், ஆனால் வெள்ளிக்கிழமைவரை வாடகைக்கு முன்பணம் வாங்கிவிட்டாராம். வரும் ஞாயிறு நாங்கள் கூடும்போது மணற்றிடலில் ஒன்பதாம் நாள். சேர விரும்புகிறவர்கள் மூன்று மணிக்கு வாருங்கள். கடன்காரர்களில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது.